விளக்கெண்ணெயில் ஓடிய பந்தயக் கார்கள்

வேகமான கார் என்றவுடன் நம் கண்ணில் முதலில் படுவது அதன் வடிவம். அப்புறம் குதிரைத்திறன், அப்புறம் விலை. பானெட்டுக்கு அடியில் சில லிட்டர் எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பலருக்கு ஞாபகமே வருவதில்லை. ஆனால் முழு வேகத்தில் போகும்போது அந்த எண்ணெய் சில நொடிகள் வராமல் நின்றால் போதும், லட்சக்கணக்கில் விலை கொடுத்த என்ஜின் வெறும் இரும்புக்கட்டி ஆகிவிடும்!

"எது நல்ல என்ஜின் ஆயில்?" என்று கேட்டுப் பாருங்கள். சிந்தெடிக்தான் என்பார் ஒருவர். கெட்டியான ஆயில்தான் என்ஜினைக் காப்பாற்றும் என்பார் இன்னொருவர். ரேஸில் ஜெயித்த கார் எதை ஊற்றியதோ அதையே ஊற்று என்பார் மூன்றாமவர். இந்த வாக்குவாதத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதன் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். எல்லா என்ஜினுக்கும் நல்லது என்று ஒரு எண்ணெய் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒவ்வொரு எண்ணெயும் ஒரு நன்மையைக் கொடுத்துவிட்டு அதற்கு ஒரு விலையும் கேட்டிருக்கிறது.

எண்ணெய் என்ன செய்கிறது?

மாட்டு வண்டி அச்சுக்கு நம் ஊரில் மசகு போடுவார்கள். வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த கறுப்பு மை அது. இரண்டு பரப்புகளுக்கு நடுவே வழவழப்பான ஒன்று இருந்தால் உராய்வு குறையும் என்பது அனுபவத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது 1883 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது.

அந்த வருடம் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் அந்தத் துளை வழியாக வெளியே வந்தது. ஒரு அடைப்பை வைத்து மூடினார், அதையும் எண்ணெய் தள்ளிவிட்டது! சுழலும் அச்சு தானாகவே எண்ணெயை இழுத்து அழுத்தத்தை உண்டாக்குகிறது, பாரம் முழுவதையும் அந்த மெல்லிய எண்ணெய்ப் படலமே தாங்குகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் கொடுத்தார்.

கார் என்ஜினில் நடப்பதும் இதுதான். கிராங்க் ஷாஃப்ட் இரும்பின் மேல் உட்கார்ந்து சுழல்வதில்லை, எண்ணெயின் மேல் மிதக்கிறது. எண்ணெய் ரொம்ப நீர்த்துப் போனால் படலம் கிழிந்து உலோகமும் உலோகமும் உரசும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் அதைப் பம்ப் செய்யவே சக்தி வீணாகும், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேராது. வேகமான காரில் இந்த இரண்டு ஆபத்துகளும் பல மடங்கு.

ஆமணக்கின் காலம்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மசகு எண்ணெய்கள் கிடைத்தன. ஆனால் அவை இன்றைய எண்ணெய்களைப் போல இல்லை. சூடு ஏறினால் தண்ணீர் போல ஆகிவிடும். ஆகவே விமான என்ஜின்களும் பந்தயக் கார்களும் தேடிப் போனது நம் ஆமணக்கெண்ணெயை, அதாவது விளக்கெண்ணெயை!

இதற்கு ரசாயனக் காரணம் இருக்கிறது. விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் சுமார் 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். அதன் மூலக்கூறில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. அதனால் எண்ணெய் இயல்பிலேயே கெட்டியாகவும் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணத்தோடும் இருக்கிறது. அழுத்தம் அதிகமாகி மற்ற எண்ணெய்கள் விலகி ஓடும் இடத்திலும் இது ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் உலகப்போரின் பல போர் விமானங்களில் ரோட்டரி என்ஜின்கள் இருந்தன. அவற்றில் கிராங்க் ஷாஃப்ட் அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகவே போகும். அங்கே பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் பெட்ரோலில் கரைந்துவிடும். விளக்கெண்ணெய் அவ்வளவு எளிதில் கரையாது. உள்ளே போன எண்ணெய் திரும்பி வருவதில்லை, எரிந்தும் எரியாமலும் வெளியே சிதறும். விமானி அந்தப் புகையிலும் துளிகளிலும்தான் உட்கார்ந்திருப்பார். விளக்கெண்ணெய் உள்ளே போனால் வயிறு என்ன ஆகும் என்று நம் பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும்!

போரில் இந்த எண்ணெய் ஒரு ஆயுதமாகவே மாறியது. பிரிட்டன் கடல் வழியை அடைத்ததால் ஜெர்மனிக்கு விளக்கெண்ணெய் கிடைப்பது அரிதானது, அவர்களுடைய ரோட்டரி என்ஜின்கள் அதனால் பாதிக்கப்பட்டன. அமெரிக்கா போரில் இறங்கியதும் இந்தியாவிலிருந்து ஆமணக்கு விதைகளை வரவழைத்துத் தன் தென் மாநிலங்களில் பயிரிட வைத்தது.

இந்தக் காலத்தின் அடையாளம் ஒரு பெயரில் இன்றும் இருக்கிறது. சார்லஸ் வேக்ஃபீல்ட் 1899-ல் லண்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனி தொடங்கினார். ரயில்களுக்கும் கனரக இயந்திரங்களுக்கும் எண்ணெய் விற்றவர், கார்களும் விமானங்களும் வந்தவுடன் அவற்றுக்காக ஒரு புது எண்ணெயை 1909-ல் கொண்டு வந்தார். அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருந்தது. ஆமணக்கெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் காஸ்டர் ஆயில் என்று பெயர். அதிலிருந்து வந்த பெயர்தான் 'காஸ்ட்ரால்'. பந்தயங்களுக்காக வந்த 'காஸ்ட்ரால் ஆர்' என்ற எண்ணெயின் புகை வாசனையைப் பழைய பந்தய ரசிகர்கள் இன்றும் ஏக்கத்தோடு சொல்வார்கள்.

அந்த வாசனைக்கும் விலை இருந்தது. விளக்கெண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். பிஸ்டன் வளையங்கள் அந்தப் பிசினில் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலிய எண்ணெயோடு சரியாகக் கலக்காது, ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால் என்ஜினைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். ஒரு பந்தயம் ஓடி, பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டும் காருக்கு இது சரி. தினமும் ஆபீஸ் போகும் காருக்கு இது சரிப்படாது. பந்தயத்தில் ஜெயித்த எண்ணெய் வீட்டுக் காருக்கும் நல்லது என்ற எண்ணம் அப்போதே பொய்யாகிவிட்டது.

எண்கள் வந்த கதை

கெட்டி, நீர்ப்பு என்று வாயால் சொன்னால் போதாது, அளவு வேண்டும். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ (வாகனப் பொறியாளர்கள் சங்கம்) 1911-லேயே எண்ணெய்களை வகைப்படுத்தத் தொடங்கியது. இன்று நாம் கேனில் பார்க்கும் 30, 40, 50 எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். இவை 100 டிகிரி செல்சியஸில் எண்ணெய் எவ்வளவு பாகுத்தன்மையோடு இருக்கிறது என்பதைக் காட்டும் தர எண்கள். எண் கூடக்கூட எண்ணெய் கெட்டி.

ஆனால் இரண்டு எண்ணெய்கள் ஒரு சூட்டில் ஒரே மாதிரி இருந்துவிட்டு, இன்னொரு சூட்டில் முற்றிலும் வேறாக இருக்கலாம். இதை அளக்க 1929-ல் டீன், டேவிஸ் என்ற இருவர் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார்கள். சூட்டில் குறைவாக மாறும் பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 மதிப்பெண், மிக அதிகமாக மாறும் மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 மதிப்பெண். மற்ற எண்ணெய்கள் எல்லாம் இந்த இரண்டையும் ஒப்பிட்டு மதிப்பெண் வாங்கும். இதற்குப் பெயர் பாகுத்தன்மைக் குறியீடு. பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரிதான்! இன்றைய நல்ல எண்ணெய்கள் இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூற்றைம்பதுக்கு மேல் கூட வாங்குகின்றன.

எப்படி? அதற்குக் காரணம் பாலிமர்கள். குளிரில் சுருண்டு கிடந்து, சூட்டில் விரியும் நீளமான மூலக்கூறுகளை எண்ணெயில் சேர்த்தார்கள். சூட்டில் எண்ணெய் நீர்த்துப் போவதை இவை ஓரளவு ஈடுகட்டின. இப்படித்தான் 1950-களில் மல்டிகிரேடு எண்ணெய்கள் பரவின. 10டபிள்யூ-40 என்றால் சூடு ஏறினால் எண்ணெய் 10-லிருந்து 40 ஆகக் கெட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குளிரில் அது 10டபிள்யூ எண்ணெய் போல ஓடும், 100 டிகிரியில் 40 எண்ணெய் போல நிற்கும், அவ்வளவுதான். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து.

இந்த வசதிக்கும் விலை உண்டு. நீளமான பாலிமர்கள் கியர் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் நடுவில் நசுங்கித் துண்டுதுண்டாகும். 1959-ல் வந்த மினி காரில் என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய்! மான்டி கார்லோ ராலியை 1964, 1965, 1967 ஆண்டுகளில் ஜெயித்த கார் அது. அப்படிப்பட்ட காரில் எண்ணெய் வாங்கும் அடி சாதாரணமானதல்ல. கேனில் எழுதியிருக்கும் எண் புதிய எண்ணெயின் எண்தான், ஓடிக் களைத்த எண்ணெயின் எண் அல்ல. இதனால்தான் பிற்காலத்தில் 150 டிகிரி சூட்டில், கடும் நசுக்கலில் எண்ணெய் எப்படி நிற்கிறது என்று அளக்கும் தனிச் சோதனையே வந்தது. வேகமான காருக்கு எண்ணெய் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய அளவு அது.

துத்தநாகம் செய்த நல்லதும் கெட்டதும்

1940-களில் எண்ணெயில் இன்னொரு விருந்தாளி சேர்ந்தது. துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். இசட்.டி.டி.பி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பேரிங்குகள் அரிக்காமல் இருக்கத்தான் முதலில் சேர்த்தார்கள். பிறகு பார்த்தால், எண்ணெய்ப் படலம் கிழிந்த இடத்தில் உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பூச்சை உண்டாக்கித் தேய்மானத்தையும் அது தடுத்தது. பழைய அமெரிக்க வி-8 என்ஜின்களின் கேம் ஷாஃப்டும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று உரசும் இடத்தைப் பல ஆண்டுகள் காப்பாற்றியது இதுதான்.

பிறகு புகைக் கட்டுப்பாடு வந்தது. 1975 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் கேடலிடிக் கன்வெர்ட்டர் பரவியது. எண்ணெயில் கொஞ்சம் எப்போதும் எரிந்து புகையோடு போகும். அதிலிருக்கும் பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். ஆகவே எண்ணெயில் பாஸ்பரஸின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2004-ல் வந்த ஏ.பி.ஐ எஸ்.எம் தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற எண்ணெய்களுக்கு உச்ச வரம்பு 0.08 சதவீதம்.

புதிய கார்களுக்கு இதனால் பிரச்சினை இல்லை, அவற்றில் பெரும்பாலும் உருளும் டேப்பெட்டுகள். ஆனால் 1960-களின் பழைய மஸில் கார்களை ஆசையாகப் பராமரித்தவர்கள் கதை வேறு. கடையில் இருப்பதிலேயே புதிய தரம், கூடுதல் விலை என்று பார்த்து வாங்கி ஊற்றுகிறவருக்குக் கேம் ஷாஃப்ட் தேய்ந்து போகும் அபாயம் காத்திருந்தது. இவர்களுக்காகவே துத்தநாகம் கூடுதலாக உள்ள எண்ணெய்கள் தனியாக விற்பனைக்கு வந்தன. புதியது எப்போதும் மேலானது என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி இது.

ஜெட் விமானத்திலிருந்து காருக்கு

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஜெட் என்ஜின்கள் வந்தபோது பெட்ரோலிய எண்ணெய்கள் திணறின. உயரத்தில் கடும் குளிர், டர்பைன் அருகே கடும் சூடு. இரண்டையும் தாங்க எஸ்டர் என்ற செயற்கை எண்ணெய்களைப் பயன்படுத்தினார்கள். அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்தால் கிடைப்பது எஸ்டர்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். ஆரம்ப கால ஜெட் எண்ணெய்களில் பல, செபாசிக் அமிலத்திலிருந்து செய்தவை. அந்த அமிலம் எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? விளக்கெண்ணெயிலிருந்து! ரோட்டரி என்ஜின்களோடு வானத்தை விட்டு இறங்கிய ஆமணக்கு, ஜெட் என்ஜின்களில் வேறு வேஷத்தில் மறுபடி ஏறிவிட்டது. சொல்லப்போனால் விளக்கெண்ணெயே இயற்கையில் கிடைக்கும் ஒரு எஸ்டர்தான். உலோகத்தோடு ஒட்டும் குணத்தை வைத்துக்கொண்டு, சூட்டில் பிசினாகும் குணத்தைக் குறைத்ததுதான் வேதியியலாளர்களின் சாதனை.

அந்த அறிவு மெல்லக் கார்களுக்கு இறங்கியது. பிரான்சின் மோட்டுல் 1971-ல் 300வி என்ற எஸ்டர் எண்ணெயைக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் போர் விமானியாக இருந்த ஆல் அமட்டூசியோ 1972-ல் ஆம்சாயில் எண்ணெயை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1974-ல் மொபில் 1 வந்தது, அது பாலி ஆல்ஃபா ஓலிஃபின் என்ற இன்னொரு வகைச் செயற்கை எண்ணெய். 1992-ல் செவர்லே கார்வெட் தொழிற்சாலையிலேயே மொபில் 1 ஊற்றப்பட்டு வெளியே வந்தது. 1996 முதல் போர்ஷேயும் அதே வழிக்கு வந்தது.

'சிந்தெடிக்' என்ற சொல்லுக்கு நடந்த வழக்கு

1990-களின் இறுதியில் காஸ்ட்ரால் தன் 'சின்டெக்' எண்ணெயின் அடிப்படையை மாற்றியது. பாலி ஆல்ஃபா ஓலிஃபினுக்குப் பதிலாக, பெட்ரோலிய எண்ணெயையே ஹைட்ரஜன் வைத்துக் கடுமையாகச் சுத்திகரித்துப் பயன்படுத்தியது. கேனில் மட்டும் சிந்தெடிக் என்றே இருந்தது. இது சிந்தெடிக்கே அல்ல என்று மொபில் அமெரிக்க விளம்பரத் துறையின் விசாரணை அமைப்பிடம் புகார் கொடுத்தது. 1999-ல் தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது.

அதன்பின் அமெரிக்காவில் சிந்தெடிக் என்ற சொல் ஒரு குறிப்பிட்ட ரசாயனத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டது, விற்பனைச் சொல்லாக மாறிவிட்டது. அப்படியானால் அந்த எண்ணெய் மோசமா? அதுவும் இல்லை. அந்த முறையில் செய்த எண்ணெய்கள் பல கடுமையான சோதனைகளில் தேறுகின்றன. நான் சொல்ல வருவது இதுதான்: முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் சொல்லை வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்ய முடியாது.

இரண்டு கார்கள், இரண்டு எண்ணெய்கள்

"வேகமான காருக்குக் கெட்டியான ஆயில்" என்ற வாதத்தையும் பார்த்துவிடலாம். 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000 காரையும், 2000-ல் வந்த பி.எம்.டபிள்யூ எம்3 (இ46) காரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டு என்ஜின்களிலும் சிலிண்டர் விட்டம் 87 மில்லிமீட்டர். ஹோண்டாவின் பிஸ்டன் நகரும் தூரம் 84 மில்லிமீட்டர், அது நிமிடத்துக்குச் சுமார் 9000 முறை சுற்றும். பி.எம்.டபிள்யூவில் 91 மில்லிமீட்டர், 8000 முறை. கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் ஹோண்டாவில் நொடிக்கு 25 மீட்டர், பி.எம்.டபிள்யூவில் 24 மீட்டர். ஏறக்குறைய ஒன்றுதான்!

ஆனால் அமெரிக்காவில் விற்ற எஸ்2000-க்கு ஹோண்டா சொன்ன எண்ணெய் 10டபிள்யூ-30. எம்3-க்கு பி.எம்.டபிள்யூ கேட்டது 10டபிள்யூ-60! எம்3-யின் ஆரம்ப கால என்ஜின்கள் சிலவற்றில் கனெக்டிங் ராடு பேரிங்குகள் தோற்றுப்போய், கம்பெனி பின்னர் பல கார்களில் பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தது. ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு என்ஜின்களுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? பேரிங் இடைவெளி, ஆயில் பம்பின் திறன், எண்ணெய் எட்டும் சூடு, பாரம் விழும் விதம் என்று ஒவ்வொரு என்ஜினையும் அதன் பொறியாளர்கள் ஒரு எண்ணெயை மனதில் வைத்தே வடிவமைக்கிறார்கள். எண்ணெயும் என்ஜினின் ஒரு உதிரி பாகம்தான். ஒரு காரின் பிஸ்டனை இன்னொரு காரில் போடுவோமா?

எண்ணெயை எரித்து ஓடிய கார்கள்

கடைசியாக ஒரு வேடிக்கை. 2014-ல் ஃபார்முலா 1 பந்தயங்களில் மணிக்கு 100 கிலோ பெட்ரோலுக்கு மேல் என்ஜினுக்குள் போகக்கூடாது என்று விதி வந்தது. பெட்ரோலுக்குத்தானே கட்டுப்பாடு, என்ஜின் ஆயிலை எரித்தால்? எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட்டுக் கூடுதல் சக்தி எடுக்கிறார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. 2017-ல் 100 கிலோமீட்டருக்கு 1.2 லிட்டருக்கு மேல் ஆயில் செலவாகக் கூடாது என்று எஃப்.ஐ.ஏ கட்டுப்பாடு போட்டது. 2018-ல் அதை 0.6 லிட்டராகக் குறைத்தது. தேய்மானத்தைத் தடுக்க வந்த எண்ணெய் கடைசியில் எரிபொருளாகவே மாறப் பார்த்தது! ரேஸ் காரின் எண்ணெய் வீட்டுக் காருக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, எதைத்தான் ஊற்றுவது?

இவ்வளவு கதையும் சொல்லிவிட்டுப் பதில் சொல்லாமல் போனால் திட்டுவீர்கள். வரலாறு சொல்லும் பாடம் எளிமையானது. முதலில் காரோடு வந்த கையேட்டைத் திறந்து, அதில் சொன்ன தர எண்ணையும் கம்பெனியின் அங்கீகாரக் குறியீட்டையும் பாருங்கள். போர்ஷே என்றால் ஏ40 என்பது போல ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று இருக்கும். அந்தக் குறியீடு கேனில் இருந்தால் அந்த எண்ணெய் அந்தச் சோதனைகளைத் தாண்டியது என்று பொருள். பழைய என்ஜின் என்றால் அதன் கேம் ஷாஃப்ட் எந்த வகை என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ட்ராக்கில் ஓட்டுகிறவர் என்றால் எண்ணெயின் சூட்டைக் கவனியுங்கள், சாலையில் ஓட்டுவதைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள். எவ்வளவு உயர்ந்த எண்ணெயானாலும் பாலிமர் நசுங்கும், சேர்மானங்கள் தீரும்.

இன்று உலகிலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் பெரும்பகுதி குஜராத்தில். வண்டி மசகிலிருந்து ஜெட் என்ஜின் வரை போய் வந்த செடி அது. எந்த இடத்தில் பொருந்தியதோ அந்த இடத்தில் அதற்கு மிஞ்சியது இல்லை, பொருந்தாத இடத்தில் பிஸ்டனையே ஒட்ட வைத்துவிட்டது. அடுத்த முறை ஆயில் வாங்கும்போது கேனின் முன்பக்கத்தில் இருக்கும் பந்தயக் கார் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். உங்கள் என்ஜினுக்கான பதில் அந்தச் சின்ன எழுத்துகளில்தான் இருக்கிறது.